காட்டுப் பாதையில் குழுவாகக் குதிரைச் சவாரி: முதல்முறை போகிறவனுக்கு என்ன சொல்வீர்கள்?

கொலம்பஸ்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இண்டியானா மாநிலம், கொலம்பஸ் ஊரில் இருக்கிறேன். மூன்று வருடமாகக் குதிரையேற்றம் பழகுகிறேன். போன வருடம் பதினோரு வயதுக் காயடித்த குதிரை ஒன்றை வாங்கினேன். நிறத்தை வைத்துச் செவலை என்றே பெயர் வைத்துவிட்டேன். இதுவரை வேலி போட்ட மைதானத்துக்குள்ளும் லாயத்தை ஒட்டிய வயல் ஓரத்திலும்தான் ஓட்டியிருக்கிறேன். கூட வந்தது எப்போதும் ஒரே ஒரு நண்பர்.

வருகிற அக்டோபரில் எங்கள் லாயத்துக்காரர்கள் பதினோரு பேர் பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்காவுக்குப் போய் மூன்று நாள் தங்கப்போகிறார்கள். இங்கிருந்து அரை மணி நேரத் தூரம்தான். குதிரைக்காரர்களுக்கென்றே தனி முகாம் இருக்கிறது. சுமார் 70 மைல் குதிரைப் பாதை. இலை நிறம் மாறும் பருவம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

குதிரை மேல் உட்கார எனக்குப் பயமில்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றால் இன்னொருவருக்கு அடிபட்டுவிடுமோ என்பதுதான் கவலை. கூட வருகிறவர்கள் எல்லாம் சின்ன வயதிலிருந்து குதிரையோடு வளர்ந்தவர்கள். நாம் சைக்கிள் ஓட்டும்போது எதை யோசிப்பதில்லையோ, அதை அவர்களும் யோசிப்பதில்லை. அதனால் சொல்லித்தரவும் தோன்றாது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்தடம் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நான் கென்டக்கியில் பதினான்கு வருடமாக ஓட்டுகிறேன். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை, அதற்கு விலை கொடுத்தது வேறொருவர். அந்தக் கதையையே முதலில் சொல்கிறேன்.

என் இரண்டாவது குழுச் சவாரி. ஓர் ஓடையில் எல்லாக் குதிரைகளும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. என் குதிரை குடித்து முடித்துத் தலையைத் தூக்கியது. சரி, இடம் விடுவோம் என்று எதிர்க்கரையில் ஏறி நடக்க ஆரம்பித்தேன். எனக்கு முன்னால் போன இரண்டு பேர் ஏற்கெனவே கரையேறியிருந்தார்கள். பின்னால் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. அவருடைய குதிரை பாதி குடித்திருந்தது. கூட்டம் தன்னை விட்டுவிட்டுப் போகிறது என்று அதற்குத் தோன்றியவுடன் குடிப்பதை விட்டுவிட்டுக் கரைமேல் ஒரே தாவலாகத் தாவியது. லகானைத் தளர்த்திப் பிடித்திருந்த அந்த அம்மா கல்லில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. நான் செய்தது நாலு அடி நடந்தது மட்டும்தான்.

குதிரை கூட்டத்தில் வாழ்கிற பிராணி. கூட்டத்தை விட்டுப் பிரிவது அதற்கு உயிர்ப்பயம். இது மனதில் பதிந்துவிட்டால் மீதி விதிகள் எல்லாம் தானாகப் புரியும். கடைசிக் குதிரை குடித்து முடிக்கும்வரை யாரும் நகரக் கூடாது. யாராவது இறங்கினால், அவர் திரும்ப ஏறிச் சேணத்தில் உட்கார்ந்து "சரி" என்று சொல்லும்வரை எல்லாரும் நிற்க வேண்டும். வழியில் கேட் இருந்தால், அதை மூடுகிறவர் மூடித் தாழிட்டுக் குதிரை மேல் ஏறும்வரை நிற்க வேண்டும். ஒரு காலை அங்கவடியில் வைத்துக்கொண்டு இன்னொரு காலைத் தூக்கும் அந்த நொடியில்தான், முன்னால் போகிற குதிரைகளைப் பார்த்து நம் குதிரை நகரும். எத்தனையோ பேர் அப்படித்தான் விழுகிறார்கள்.

அடுத்தது இடைவெளி. உன் குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவே பார்த்தால் முன்குதிரையின் பின்குளம்புகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நெருங்கிவிட்டாய். குறைந்தது ஒரு குதிரை நீளம், எட்டு அடி என்று வைத்துக்கொள். குதிரைக்கு ஏறக்குறைய முழு வட்டமும் கண் தெரியும். நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் மட்டும் தெரியாது. அந்தக் குருட்டு இடத்துக்குள் இன்னொரு குதிரை மூக்கை நீட்டினால் அது உதைக்கும். உதை பின்குதிரை மேல் மட்டும் படாது, உன் முழங்காலிலும் விழலாம்.

வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அது உதைக்கிற குதிரை. பச்சை கட்டியிருந்தால் பழக்கம் போதாத இளங்குதிரை. மஞ்சள் என்றால் பொலிகுதிரை. சிவப்பை எல்லா ஊரிலும் புரிந்துகொள்வார்கள். மற்ற நிறங்கள் இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள். உன் செவலை உதைக்குமா?

கொலம்பஸ்வாசி எழுதியது:

அக்கா, அந்த அம்மாவின் கதை மனதை என்னவோ செய்துவிட்டது. நானும் அதையே செய்திருப்பேன், மரியாதை என்று நினைத்துக்கொண்டே.

செவலை இதுவரை உதைத்ததில்லை. ஆனால் தீவன நேரத்தில் பக்கத்துக் குதிரை வந்தால் காதைப் பின்னால் மடிக்கும். இதற்கு ரிப்பன் கட்ட வேண்டுமா? இன்னொன்று. அதன் நடை மெதுவானது. இடைவெளி பெரிதாகிவிட்டால் ட்ராட்டில், அதாவது துள்ளுநடையில், ஓட்டிப் போய்ச் சேர்ந்துகொள்ளலாமா?

செம்மண்தடம் எழுதியது:

தெரியாத பதினொரு குதிரைகளோடு போகிறாய். முதல் நாள் சிவப்பையே கட்டு. கட்டுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் ரிப்பன் கட்டியாயிற்று, இனி மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதே. ரிப்பன் கட்டிய குதிரையைக் கூட்டத்தின் கடைசியில் வைத்துக்கொள்வது உன் பொறுப்பு. நின்று பேசும் இடங்களில் அதன் பின்பக்கத்தை யாரும் இல்லாத திசைக்குத் திருப்பி நிறுத்துவதும் உன் பொறுப்பு.

ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளாதே. நீ ட்ராட் அடித்தால் உன் பின்னால் இருப்பவரின் குதிரையும் அடிக்கும், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். முன்குதிரைக்கோ பின்னாலிருந்து ஏதோ துரத்துகிற மாதிரி இருக்கும். "கொஞ்சம் மெதுவாகப் போங்கள்" என்று முன்னால் குரல் கொடு. கேட்பதற்கு வெட்கப்படாதே. நம் ஊர்க்காரர்கள் இதில் மிகவும் தயங்குகிறோம். நாலு பேர் நமக்காக நிற்கிறார்களே என்று கூச்சப்பட்டு, கழன்றுகொண்டிருக்கும் வயிற்றுவாரோடு மலை இறங்குகிறோம். கிளம்பி இருபது நிமிடத்தில் குதிரை மூச்சு விட்டு வயிறு தளர்ந்துவிடும், வார் கட்டாயம் இளகும். அந்த இடத்தில் எல்லாரையும் நிறுத்தி நீயும் இறுக்கு, மற்றவர்களையும் பார்க்கச் சொல். நன்றிதான் சொல்வார்கள்.

வேகநடை எழுதியது:

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது டென்னசி வாக்கர் என்கிற வேகநடை இனக் குதிரை. அதன் சாதாரண நடையே மற்றக் குதிரைகளுக்கு ட்ராட் வேகம். "மிகவும் மெதுவாக வருகிறவரின் வேகத்தில் எல்லாரும் போக வேண்டும்" என்பதுதான் எல்லா இடத்திலும் விதி. ஐந்து மணி நேரம் லகானை இழுத்துப் பிடித்துக்கொண்டே போனால் என் குதிரைக்கு வாய் புண்ணாகிறது, தலையை ஆட்டி ஆட்டி அது நிம்மதி இழக்கிறது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு 200 மைல் ட்ரெய்லர் இழுத்துக்கொண்டு வருகிறவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது அல்லவா? நிதானமாக வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மரியாதை என்பது ஒரு பக்கம் மட்டும் இருக்கக் கூடாது.

கடைசிவால் எழுதியது:

வேகநடை அண்ணா சொல்வதில் உண்மை இருக்கிறது. நடை வேறுபட்ட குதிரைகளை ஒரே வரிசையில் கட்டி இழுப்பது இரண்டு பக்கமும் கொடுமைதான். ஆனால் அதைத் தீர்க்கும் இடம் முகாம், பாதை இல்லை.

நான் ஒன்பது வருடமாக எங்கள் குழுவுக்குக் கடைசி ஆளாகப் போகிறேன். பெயரும் அதனால் வந்ததுதான். நாங்கள் காலையில் காப்பி குடிக்கும்போதே பிரித்துவிடுவோம்: நடைக்குழு ஒன்று, வேகக்குழு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஆள், கடைசியில் ஓர் ஆள். வேகக்குழு அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடும், நடைக்குழு அவர்களைக் கண்ணால்கூடப் பார்க்காது. இப்படிச் செய்தால் ஒருவருக்கும் குறையில்லை.

செய்யக் கூடாதது, பாதி வழியில் நாலு பேர் மட்டும் கேண்டர் என்கிற ஓட்டத்தில் கிளம்புவது. மீதி எட்டுக் குதிரைகள் அதை நின்று வேடிக்கை பார்க்காது. இன்னொருவரைக் கடந்து போக வேண்டுமென்றால் கேட்டுவிட்டு, அகலமான இடம் பார்த்து, இடப்பக்கமாக, நடையிலேயே கடக்க வேண்டும். வேகத்தை மாற்றுவதற்கு முன்பு எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, கடைசி ஆளிடமிருந்து "சரி" வந்த பிறகுதான் மாற்ற வேண்டும்.

மேட்டுப் பாதையில் முன்னால் போகிறவர்கள் உச்சி வந்ததும் அப்பாடா என்று நின்றுவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் எட்டுக் குதிரைகள் சரிவிலேயே, கல்லும் சேறுமாக, நிற்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும். உச்சியைத் தாண்டிப் பன்னிரண்டு குதிரைகளும் சமதரையில் நிற்க இடம் வருகிறவரை போய் அப்புறம் நிற்க வேண்டும். ஓடை தாண்டினாலும் அதே கதை.

குளவி பற்றி யாரும் சொல்லவில்லை. அக்டோபர் இண்டியானாவில் இதுதான் என் முதல் கவலை, பாம்பைவிடப் பெரிய கவலை.

இங்கே மஞ்சள் குளவி தரைக்குள் கூடு கட்டும். கோடை முழுக்கக் கூடு பெருத்து, ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை உச்சத்தில் இருக்கும். பாதை ஓரத்து வேருக்கடியில் கட்டைவிரல் அளவு ஓட்டைதான் வெளியே தெரியும். முதல் குதிரை மிதிக்கும், ஒன்றும் நடக்காது. இரண்டாவதும் போய்விடும். மூன்றாவது, நான்காவது குதிரை வரும்போது அவை வெளியே வந்துவிடும். தேனீ மாதிரி ஒரு தடவை கொட்டிவிட்டுச் சாகாது, ஒன்றே பல தடவை கொட்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு செப்டம்பரில் எங்களுக்கு இது நடந்தது. நடுவில் இருந்த ஒரு பெட்டைக்குதிரை திடீரென்று வாலைச் சுழற்றிப் பின்காலால் காற்றை உதைத்தது. அதன் மேல் இருந்தவர் "என்னடி ஆச்சு உனக்கு" என்று நிறுத்தி அதட்டினார். கூட்டுக்கு மேலேயே நிறுத்திவிட்டார். அவர்மேல் தப்பில்லை, அவருக்குத் தெரியாது. பின்னால் வந்த பெண் அவருக்கு உதவ நெருங்கி வந்தார். இரண்டு குதிரைகளும் ஒன்றாகத் துள்ளின, இரண்டு பேரும் விழுந்தார்கள். ஒருவருக்கு விலா எலும்பில் விரிசல். குதிரைகள் முகாம்வரை ஓடிவிட்டன.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கிளம்புவதற்கு முன்பு எல்லாரும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். யார் பார்த்தாலும் "குளவி!" என்று ஒரே சொல்லாகக் கத்த வேண்டும். கூட்டைத் தாண்டினவர்கள் யோசிக்காமல் முன்னால் போய் இடம் விட வேண்டும். கூட்டுக்கு மேல் இருப்பவர் நிற்கவே கூடாது. தாண்டாதவர்கள் திரும்பிப் பின்னால் போய் வேறு வழி பார்க்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று அந்த நேரத்தில் விவாதிக்க முடியாது, அதனால்தான் முன்கூட்டியே சொல்லிப் பார்ப்பது. குளவி விஷத்துக்கு ஒவ்வாமை உள்ளவர் குழுவில் இருந்தால் அவருடைய அவசர ஊசியான எபிபென் எந்தப் பையில் இருக்கிறது என்று குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பை அவர் இடுப்பில் இருக்க வேண்டும், சேணத்தில் இல்லை. ஆள் விழுந்தால் சேணம் குதிரையோடு போய்விடும். கைப்பேசியும் அப்படித்தான்.

கொலம்பஸ்வாசி எழுதியது:

கைப்பேசியைச் சேணப்பையில் வைக்கத்தான் நேற்று ஒரு பை வாங்கினேன். இப்போதே மாற்றிவிடுகிறேன்.

குதிரை ஆள் இல்லாமல் ஓடினால் நாம் என்ன செய்வது? துரத்திப் பிடிக்கலாமா?

கடைசிவால் எழுதியது:

துரத்தவே கூடாது. துரத்தினால் அது இன்னும் வேகமாக ஓடும், மற்றக் குதிரைகளும் சேர்ந்துகொள்ளும். எல்லாரும் நின்றுவிட்டால் பெரும்பாலும் அதுவே கூட்டத்தைத் தேடித் திரும்பி வரும். ஆளோடு ஓடினாலும் அப்படித்தான்: நாம் நின்று அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு பக்க லகானை மட்டும் இடுப்புவரை இழுத்துத் தலையைத் திருப்பினால் குதிரை வட்டமிட்டு நிற்கும். இரண்டு லகானையும் சேர்த்து இழுத்தால் அது இன்னும் பலமாக முட்டிக்கொண்டு ஓடும். இதை மைதானத்தில் நடையிலேயே நூறு தடவை பழகிவிட்டு வாருங்கள். சரிவிலும் வேகமான ஓட்டத்திலும் சட்டென்று இழுத்தால் குதிரையே சறுக்கி விழும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹால்டரில், அதாவது குதிரையின் தலைவாரில், உங்கள் கைப்பேசி எண்ணும் முகாமில் உங்கள் இட எண்ணும் எழுதிய ஒரு தகடு மாட்டுங்கள்.

குளம்புவைத்தியர் எழுதியது:

ஒஹையோவில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன், குதிரைகள்தான் என் வேலை. மனிதர்களைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் குதிரை பக்கம் பேசுகிறேன்.

முதலில் காகின்ஸ் சான்றிதழ். கால்நடை மருத்துவர் லெராய் காகின்ஸ் உருவாக்கிய இரத்தப் பரிசோதனை அது. குதிரைகளுக்கு வரும் தொற்று இரத்தசோகை வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. குதிரை ஈ கடித்துக் கடித்துப் பரப்பும். மருந்து கிடையாது, இந்த நாட்டில் தடுப்பூசியும் கிடையாது. இருக்கிறது என்று வந்துவிட்டால் ஒன்று கருணைக்கொலை, இல்லையென்றால் மற்றக் குதிரைகளிலிருந்து 200 கஜம் தள்ளி ஆயுள் முழுக்கத் தனிமை. அதனால்தான் மாநில எல்லை தாண்டும்போதும் பல முகாம்களிலும் பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்த சான்றிதழ் கேட்கிறார்கள். நம்மைச் சந்தேகப்படுகிறார்கள் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். பக்கத்துக் குதிரையின் உயிர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

வாளி. உங்கள் குதிரைக்கு உங்கள் வாளி, அவ்வளவுதான். அன்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். பொதுக் குழாயில் பிடிக்கும்போது குழாய் முனையைத் தண்ணீருக்குள் முக்காதீர்கள். ஸ்ட்ராங்கிள்ஸ் என்கிற தொண்டைக்கட்டி நோய் மூக்குச்சளியால், வாளியால், கைத்துணியால் பரவும். வெளியே நன்றாகத் தெரிகிற குதிரைகூட அதைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

தண்ணீர். குதிரை ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர்வரை குடிக்கும், உழைத்தால் அதற்கு மேலும். புது இடத்துத் தண்ணீரின் மணம் பிடிக்காமல் குடிக்க மறுக்கும் குதிரைகள் நிறைய. குடிக்காமல் காய்ந்த புல்லை மட்டும் தின்றால் வயிற்றுவலி வந்து, ராத்திரி முகாம் முழுக்க விழித்திருக்க வேண்டிவரும். வீட்டுத் தண்ணீர் இரண்டு கேன் கொண்டுபோய்க் கலந்து பழக்குங்கள். புல்லும் வீட்டுப் புல்லாகவே இருக்கட்டும்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புவது. அக்டோபரில் அந்தக் காடு சிவப்பு மேப்பிள் மரங்களால் அழகாக இருக்கும். அந்த மரத்தின் பச்சை இலையைவிட வாடி உதிர்ந்த இலைதான் குதிரைக்கு விஷம். இரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும். ஒரு கிலோவுக்குக் குறைவாகத் தின்றாலே நோய் வரலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், ஈறு வெளுத்தோ பழுப்பாகவோ மாறும், அப்புறம் நேரம் மிகக் குறைவு. காட்டுச் செர்ரியின் வாடிய இலையில் சயனைடு உண்டாகும். கட்டுகிற இடத்தில் என்ன மரம், தரையில் என்ன இலை என்று பார்க்காமல் குதிரையைக் கட்டாதீர்கள். தெரியாவிட்டால் இலையைக் கூட்டித் தள்ளிவிட்டு, அதன் முன்னால் தின்ன எப்போதும் புல் இருக்கும்படி வையுங்கள்.

நிழலான பாதை ஓரங்களில் வெள்ளைப் பூங்கொத்தோடு ஒரு செடி இருக்கும், ஸ்நேக்ரூட் என்பார்கள். அதைத் தின்ற மாட்டின் பாலைக் குடித்துத்தான் ஆபிரகாம் லிங்கனின் தாய் 1818-ல் இதே தெற்கு இண்டியானாவில் இறந்ததாகச் சொல்வார்கள். குதிரைக்கும் அது விஷம், இதயத்தைத் தாக்கும். சவாரியின் நடுவே குதிரையை வாய்வைத்து மேயவிடக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பது வெறும் ஒழுக்கத்துக்காக மட்டும் இல்லை.

ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28-லிருந்து 44-க்குள் இருக்கும். கிளம்பும் முன்பு வீட்டிலேயே செவலையின் நாடியை மூன்று நாள் எண்ணி எழுதிவையுங்கள். அங்கே ஏதாவது சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்ல ஒரு எண் கையில் இருக்கும்.

காலாற எழுதியது:

நான் குதிரை ஓட்டுவதில்லை, நடக்கிறவன். ஆனால் குதிரைகள் வரும் பாதைகளில்தான் நடக்கிறேன். எதிரே பத்துக் குதிரைகள் வந்தால் எப்போதும் குழம்பிவிடுவேன். ஒரு தடவை மரியாதையாக ஒதுங்கி ஒரு மரத்துக்குப் பின்னால் அசையாமல் நின்றேன். முதல் குதிரை என்னைப் பார்த்ததும் பக்கவாட்டில் பாய்ந்துவிட்டது. நான் என்ன தவறு செய்தேன்?

செம்மண்தடம் எழுதியது:

மறைந்து நின்றதுதான். அதன் கண்ணுக்கு மரத்துக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறது எதுவும் இரை பிடிக்கக் காத்திருக்கும் மிருகம். முதுகில் பெரிய பை வேறு இருந்தால் மனித உருவமாகவே தெரியாது. வெளிப்படையாக, பாதையின் பள்ளப் பக்கம் ஒதுங்கி நின்று, சாதாரணக் குரலில் பேசுங்கள். "வணக்கம், நல்லா இருக்கீங்களா" என்றால் போதும். குரல் கேட்டால் அது ஆள் என்று குதிரைக்குப் புரிந்துவிடும். நாய் இருந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள்.

சைக்கிள்காரர் நடக்கிறவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும், நடக்கிறவர் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்பது வழக்கம். ஆனால் வழிவிட்டவருக்கு நன்றி சொல்வது குதிரை மேல் இருக்கிறவரின் கடமை. பத்துப் பேரும் சொல்ல வேண்டும், முதல் ஆள் மட்டும் இல்லை. வாகன நிறுத்தத்திலும் முகாமிலும் இலத்தி விழுந்தால் அதை அள்ளுவதும் நம் வேலைதான்.

மலைக்காற்று எழுதியது:

மான்டானாவிலிருந்து. பின்மலைக் குதிரைக்காரர்களின் சங்கமான பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென் 1973-ல் ஆரம்பித்தது எங்கள் மாநிலத்தில்தான். பாதைகளைப் பழுதுபார்ப்பதும் காட்டைக் கெடுக்காமல் குதிரையோடு தங்கச் சொல்லித்தருவதும் அவர்கள் வேலை. அவர்களிடம்தான் நான் முகாம் போடக் கற்றேன்.

மரத்தில் நேராகக் குதிரையைக் கட்டாதீர்கள். ஒரே ராத்திரியில் பட்டையைக் கடித்து உரித்து, காலால் பறித்து வேரை வெளியே கொண்டுவந்துவிடும். அடுத்த வருடம் அந்த மரம் நிற்காது. இரண்டு மரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு மேல், ஏழு அடியில் கயிறு கட்டுவோம். மரத்தைச் சுற்றிக் கயிறு போகக் கூடாது, இரண்டு அங்குலமாவது அகலமான பட்டைத் துணிவாரைச் சுற்றி அதில் கயிற்றை மாட்ட வேண்டும். குதிரையின் பிடிகயிறு அந்த மேல்கயிற்றிலிருந்து தொங்கும். தலையை இறக்கிப் புல் தின்ன வேண்டும், ஆனால் கால் கயிற்றுக்கு மேல் போகக் கூடாது, அந்த நீளம். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுங்கள், கத்தி ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கட்டும். கடிவாளத்தில் கட்டவே கூடாது, குதிரை பின்வாங்கினால் வாய் கிழிந்துவிடும்.

திறந்த காட்டில் தங்கினால் நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி. எங்கள் பக்கம் தேசியக் காடுகளுக்குள் களைவிதை இல்லாத சான்றுபெற்ற புல்தான் கொண்டுபோகலாம். நீங்கள் போவது கட்டிய முகாம், அங்கே கட்டுவதற்கென்று வைத்திருக்கிற இடத்தில் மட்டும் கட்டுங்கள். கிளம்பும்போது இலத்தியை அவர்கள் சொல்லும் இடத்தில் கொட்டி, குதிரை தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டு வாருங்கள்.

அப்புறம் இரவு பத்து மணிக்கு மேல் பாட்டும் ஜெனரேட்டரும் வேண்டாம். அடுத்தவர் முகாமிடத்தின் நடுவே குறுக்குவழி என்று குதிரையை நடத்திக்கொண்டு போகாதீர்கள். காலையில் ஒருவர் தீவன வாளியைத் தட்டினால் நூறு குதிரைகள் கனைக்கும்.

வேகநடை எழுதியது:

தலைக்கவசம் பற்றிப் பேச்சே வரவில்லை. எங்கள் பக்கம் பாதிப் பேர் தொப்பிதான் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கூட வந்த ஒருவர் நின்றுகொண்டிருந்த குதிரையிலிருந்து, நடக்கக்கூட இல்லை, நின்ற குதிரையிலிருந்து வழுக்கி விழுந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்ததைப் பார்த்த பிறகு மாறினேன். குதிரைச் சவாரித் தலைக்கவசத்துக்கான தரக்குறியான ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 என்று உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு தம்பி. சைக்கிள் தலைக்கவசம் இதற்கு ஆகாது. ஒரு தடவை விழுந்து அடிவாங்கினால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடு.

குழு பிரிக்கும் யோசனையை எங்கள் ஆட்களிடம் சொன்னேன். அடுத்த மாதம் அப்படித்தான் போகிறோம். கடைசிவால் தம்பிக்கு நன்றி.

குளம்புவைத்தியர் எழுதியது:

ஒன்று மறந்துவிட்டேன். ட்ரெய்லர். ஏற்றும்போது குதிரைக்குப் பின்னால் குறுக்கே போடும் பின்கம்பியையும் கதவையும் மூடிய பிறகுதான் தலையைக் கட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் தலையை அவிழ்த்துவிட்டுத்தான் பின்கம்பியை எடுக்க வேண்டும். வரிசை மாறினால், தலை கட்டியபடியே குதிரை பின்னால் வரப் பார்க்கும். கயிறு இறுகினதும் பயந்து துள்ளும். கழுத்து முறிந்த குதிரையை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்று கதவைத் திறந்தவருக்கும் அன்று தாடை போயிற்று. யாராவது உதவிக்கு ஓடிவந்து கதவைத் திறப்பார்கள். "நான் சொல்லும்வரை தொடாதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உதவ வந்தவரிடம் அப்படிப் பேசுவது மரியாதைக் குறைவாகத் தோன்றும், பரவாயில்லை.

கொலம்பஸ்வாசி எழுதியது:

போய்விட்டு வந்துவிட்டேன். எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

செவலைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, பதினோராவது ஆளாகக் கடைசிக்கு முன்னால் போனேன். இருபதாவது நிமிடத்தில் "வார் பார்க்க வேண்டும், நிற்க முடியுமா" என்று குரல் கொடுத்தேன். தொண்டை அடைத்தது, ஆனால் கொடுத்தேன். என்னுடையது மூன்று ஓட்டை இளகியிருந்தது. முன்னால் இருந்த ஒரு பெரியவருடையது அதைவிட மோசம். முப்பது வருடமாக ஓட்டுகிறவர் அவர், தோளில் தட்டிவிட்டுப் போனார்.

குளவி ஒத்திகையைக் காப்பி நேரத்தில் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருக்கு அது புதிதாக இருந்தது. நல்லவேளையாகக் குளவி வரவில்லை.

இரண்டாம் நாள் ஓர் ஓடையில் எல்லாக் குதிரைகளும் இறங்கின. செவலை குடித்து முடித்துத் தலையைத் தூக்கியது. எனக்குப் பின்னால் ஒரு பதினான்கு வயதுப் பெண், அவள் குதிரை அப்போதுதான் மூக்கை வைத்திருந்தது. முன்னால் ஒருவர் கரையேறத் திரும்பினார். "அவள் குதிரை இன்னும் குடிக்கிறது" என்று சொன்னேன். அவர் உடனே நின்றுவிட்டார். நாங்கள் எல்லாரும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். அந்தக் குதிரை நிறையக் குடித்தது அக்கா. எனக்கு உங்கள் ஞாபகம்தான்.

கிளம்பும் நாளில் ட்ரெய்லர் கதவைத் திறக்க ஒருவர் ஓடிவந்தார். மருத்துவர் சொன்னபடியே சொன்னேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

செம்மண்தடம் எழுதியது:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் தம்பி.

குளம்புவைத்தியர் எழுதியது:

மகிழ்ச்சி. செவலை அங்கே தண்ணீர் குடித்ததா?

கொலம்பஸ்வாசி எழுதியது:

முதல் நாள் முகாம் குழாய்த் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீட்டுத் தண்ணீர் ஒரு கேனை ஊற்றிக் கலந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வாளி பாதி காலி. காலையில் முழுக்கக் காலி.